ஊரும் பங்குக் கிணறும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)





சென்ற மாதம் உங்கள் சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, ஒவ்வோராண்டும் சமயத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. இம்முறை எங்கள் ஊரைப் பற்றி, சுன்னாகத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டார். அவரோடு கூடவந்த தம்பி ஒருவர் சிரித்துக்கொண்டு, "சுன்னாகத்தில் பேச என்ன ஐயா இருக்கிறது? ஒரு சந்தை, ஒரு சந்தி, அவ்வளவுதானே!" என்றார். அத்தம்பி இன்று முன்வரிசையிலே இருக்கிறார். அவருக்கு அன்றே மறுமொழி சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்று உங்கள் முன்னே பேச ஒன்றும் மிஞ்சியிராது என்று பேசாமல் இருந்துவிட்டேன். (சிரிப்பு)

அன்பர்களே, ஊரின் சரித்திரம் என்றவுடன் அரசர்களையும் போர்களையும் தேடுகிறோம். சிறிய ஊருக்கு அப்படிப்பட்ட சரித்திரம் இராது. அதன் சரித்திரம் வேறு வகையானது. அந்த ஊரவர் எவற்றையெல்லாம் பொதுவாக வைத்திருந்தார்கள், எப்படிப் பேணினார்கள், எதை யாருக்குக் கொடுக்க மறுத்தார்கள், எதைக் காவாமல் இழந்தார்கள் என்பதே அதன் சரித்திரம். அந்தக் கண்கொண்டு இன்று சுன்னாகத்தைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கி ஏறக்குறைய 10 கிலோமீற்றர் வந்தால் சுன்னாகம். கிழக்கே புன்னாலைக்கட்டுவன், வடகிழக்கே ஏழாலை, வடக்கே மல்லாகம், தெற்கே உடுவில், மேற்கே கந்தரோடை. எல்லாப் பக்கத்திலும் தோட்டக் கிராமங்கள். நடுவிலே சந்தி. கிராமங்கள் விளைவித்ததை விற்பதற்குச் சந்தியிலே கூடின. கூடிய இடம் ஊராயிற்று. பெயரைப் பற்றிக் கேட்டால், சுண்ணக்கல் நிறைந்த இடமாதலால் சுண்ணாகம் என்றிருந்து சுன்னாகமாயிற்று என்று சொல்வாரும் உண்டு. பெயர்க் காரணம் எப்படியிருப்பினும் காலடியிலே சுண்ணக்கல் இருப்பது மெய். அந்தக் கல்லைப் பற்றிப் பின்னரும் சொல்லப் போகிறேன், மறந்துவிடாதீர்கள்.

மேற்கே கந்தரோடை என்றேன். அங்கே சிறிய சிறிய தூபிகள் கூட்டமாய் நிற்பதைப் பாடசாலைச் சுற்றுலாவிலே கண்டிருப்பீர்கள். 1917ஆம் ஆண்டளவிலே போல் பீரிஸ் அவ்விடத்தை ஆராய்ந்து எழுதினார். 1970ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து அகழ்ந்தனர். கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே அங்கு மக்கள் நிலைத்து வாழ்ந்தனர், கடல்கடந்த வாணிகமும் செய்தனர் என்று அறிஞர் கண்டனர். ஆதலின் இந்தச் சந்தியைச் சுற்றி மனிதர் கொடுத்து வாங்கி வாழ்வது நேற்றுத் தொடங்கிய காரியமன்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு உண்டா? இல்லை. மலை உண்டா? அதுவும் இல்லை. பின் எதை நம்பி இத்தனை சனம் இங்கே குடியிருந்தது? கிணற்றை நம்பி!

என் இளமைக் காலத்திலே எங்கள் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. எட்டுப் பங்குகள். உறுதியிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும், வாய்க்கால் உரிமையும், வழி உரிமையும் எழுதப்பட்டிருக்கும். இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு முறை என்று கணக்கு உண்டு. விடியற்காலம், நட்சத்திரம் மறையுமுன், என் தந்தையார் என்னை எழுப்பிக்கொண்டு போவார். பெரிய அண்ணன் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். தந்தையார் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையைக் கிணற்றிலே இறக்கி நிறைத்துக் கவிழ்ப்பார். நான் சிறுவனாதலால் எனக்கு மண்வெட்டி. தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிடுவது என் வேலை. மேலே நடப்பவர் கால் தவறினால் ஆபத்து. கீழே நிற்பவர் கை தவறினால் பட்டை உடைந்துபோம். தண்ணீர் மாறுபவன் தூங்கினால் பக்கத்துப் பாத்தி வெள்ளம். மூன்று பேரும் ஒரே தாளத்திலே நடந்தால்தான் புகையிலைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்.

ஆண்டிலே ஒருமுறை, கோடையிலே நீர் இறங்கியபோது, கிணறு இறைத்துச் சேறு அள்ளும் நாள் வரும். அன்று எட்டுப் பங்காளிகளும் வந்தாக வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள். வராதவர் கூலியாள் அனுப்ப வேண்டும். அதுவும் செய்யாதவரிடம் ஒருவரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். அடுத்த இறைப்பு நாளிலே, "உன் பங்கு இருக்கிறது, உன் முறை எங்கே?" என்று ஒரு கிழவர் கேட்பார். அந்த ஒரு கேள்வி போதும்; அந்த மனிதர் மறுவருடம் முதல் ஆளாய் வந்து நிற்பார். இந்தக் கேள்வியை இன்று என் பேச்சு முழுவதற்கும் தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிணற்று நீரிலே விளைந்தவை வந்து சேர்ந்த இடம்தான் சுன்னாகச் சந்தை. வெண்காயம், கத்தரி, மரவள்ளி, வாழைக்குலை, மாம்பழம், புகையிலை, வெற்றிலை. நான் தந்தையாரோடு மாட்டு வண்டிலிலே வந்த காலத்திலே, சந்தை வாசலுக்கு வருமுன்னரே வாழைக்குலை வாசம் வந்துவிடும். தென்னிலங்கை வியாபாரிகளும் கொள்முதலுக்கு வருவார்கள். தமிழ் தெரியாதவர் விரலாலே விலை பேசுவார். சிங்களம் தெரியாதவர் தலையாலே மறுப்பார். கடைசியில் இருவரும் ஒரே தேநீர்க் கடையிலே குடித்துவிட்டுப் போவார்கள். தங்கையின் சம்பந்தம் பேசியதும், பாடசாலைக்குப் பணம் சேர்த்ததும், கோவில் திருவிழாவுக்கு மேளம் பேசியதும் சந்தையிலேதான். இன்று கைத்தொலைபேசி செய்கின்ற வேலையை அன்று சந்தை செய்தது. அதற்குக் கட்டணமும் இல்லை!

சந்தை மட்டும் இருந்திருந்தால் சுன்னாகம் வெறும் வியாபாரத் தலமாய் நின்றிருக்கும். ஆனால் இவ்வூர் மற்றொன்றையும் பொதுவிலே வைத்தது. அது கல்வி.

கார்த்திகை மாதத்திலே தொடங்குகிற பிள்ளையார் பெருங்கதை விரத நாட்களிலே எங்கள் கோவில்களிலே பிள்ளையார் கதை படிக்கிறோம். அதைப் பாடியவர் யார்? சுன்னாகம் வரத பண்டிதர். சிவராத்திரி புராணமும் அவர் செய்ததே. முந்நூறு ஆண்டுகளாக ஈழநாட்டு ஊர்தோறும் விரதகாரர் வாயிலே வாழ்கின்ற ஒரு நூலைத் தந்த ஊரிலிருந்துகொண்டு, "இங்கே என்ன இருக்கிறது" என்று கேட்கலாமா, தம்பி? (கைதட்டல்)

அவருக்குப் பின் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே சுன்னாகம் முருகேச பண்டிதர். அவரிடம் பாடங்கேட்டவர் அ. குமாரசுவாமிப் புலவர்; 1854ஆம் ஆண்டு பிறந்து 1922ஆம் ஆண்டு மறைந்தவர். ஏழாலையிலே சி. வை. தாமோதரம்பிள்ளை நிறுவிய வித்தியாசாலையிலும், பின்னர் வண்ணார்பண்ணையிலே நாவலர் வித்தியாசாலையிலும் கற்பித்தவர். வடமொழியும் தமிழும் ஒருங்கே அறிந்தவர். தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதியவர். அவரிடம் பாடங்கேட்டவர் பக்கத்து ஊராகிய புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த வித்துவசிரோமணி சி. கணேசையர். ஆசிரியரும் மாணாக்கருமாய் இத்தலைமுறைகள் எல்லாம் ஒரு காலைப்பொழுதிலே நடந்துவிடக்கூடிய தூரத்துக்குள் வாழ்ந்தன. ஒருவரிடம் ஒருவர் நடந்துபோய்ப் படித்தார்கள். கல்விக் கிணற்றுக்கும் முறை வைத்து இறைத்தார்கள் என்று சொல்லலாம்.

கணேசையரின் கல்வி நூலாக வேண்டுமே. அதற்கு அச்சியந்திரம் வேண்டும். சுன்னாகத்திலே திருமகள் அழுத்தகம் இருந்தது. அதை நடத்திய நா. பொன்னையா அவர்கள் 1930ஆம் ஆண்டிலே ஈழகேசரி என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். கொழும்பிலல்ல, யாழ்ப்பாணப் பட்டினத்திலுமல்ல. தோட்டக் கிராமங்களின் நடுவே, வாழைக்குலைச் சந்தைக்குப் பக்கத்திலே! இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் என்று ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளாக நாம் போற்றுகிறவர்களின் எழுத்து அப்பத்திரிகையிலே வந்தது. 1937ஆம் ஆண்டு முதல் 1948ஆம் ஆண்டு வரை தொல்காப்பியம் முழுவதையும், கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புக்களோடு, பகுதி பகுதியாகப் பொன்னையா அவர்கள் வெளியிட்டார். இன்றும் தொல்காப்பியத்தை ஆழமாகக் கற்பவர் அப்பதிப்பை விட்டு நகர முடியாது. இலாபம் வருமென்றா அவர் இலக்கணம் அச்சிட்டார்? தம் பங்குக்கு ஒரு முறை இறைத்தார்; அவ்வளவுதான். அவர் 1951ஆம் ஆண்டிலே மறைந்தார்; ஈழகேசரி 1958 வரை நின்றது.

பாடசாலைகளையும் சொல்லவேண்டும். 1894ஆம் ஆண்டிலே கந்தரோடையிலே கந்தையா உபாத்தியாயர் தொடக்கிய பள்ளி, ஸ்கந்தவரோதயக் கல்லூரியாய் வளர்ந்தது. ஒறேற்றர் சுப்பிரமணியம் அவர்கள் அதன் அதிபராய் நெடுங்காலம் இருந்து பல தலைமுறைகளை ஆளாக்கினார். 1913ஆம் ஆண்டிலே மருதனார்மடத்திலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி நிறுவினார். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, வாலிபர் காங்கிரசாரின் அழைப்பின் பேரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அக்கல்லூரி மாணவிகளுக்கும் உரை நிகழ்த்தினார். அவரை அழைத்தவர்கள் முதியவர்களல்ல. உங்களைப் போன்ற வாலிபர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனிப் புகையிரதம். 1902ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரிவரை முதற்பகுதி திறக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டிலே பாதை தென்னிலங்கையோடு இணைந்தது. சுன்னாகம் நிலையத்திலே ஏற்றிய வாழைக்குலை மறுநாள் கொழும்பிலே விற்கலாயிற்று. வாழைக்குலை போன வழியே பிள்ளைகளும் போனார்கள்; எழுதுவினைஞராய், ஆசிரியராய், நிலைய அதிபராய். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளை இங்கே கல்வீடாய் எழுந்தது.

இங்கே ஒரு சிறிய ஒப்புமை சொல்ல அனுமதியுங்கள். உங்களுடைய மாமன் மச்சான் எல்லாம் கனடாவிலே இருக்கிறார்கள். ரொறன்ரோவைத்தான் நாம் அறிவோம். அந்நாட்டின் மேற்குப் பக்கத்திலே சஸ்காச்சுவான் முதலிய மாகாணங்களிலே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை விளைகிற புல்வெளிச் சமவெளி இருக்கிறது. அங்கே ஊர்களைச் செய்தது புகையிரதம். குதிரை வண்டிலிலே தானியத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்பவேண்டுமென்று, எட்டு மைல் பத்து மைலுக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். நிலையத்துக்கு ஒரு உயர்ந்த மரத் தானியக் களஞ்சியம். அதைச் சுற்றி ஒரு கடை, ஒரு பள்ளி, ஒரு கோவில், ஒரு மண்டபம். அதுதான் ஊர். பின்னர் மோட்டார் லொறி வந்தது. கிளைப்பாதைகளை மூடினார்கள், களஞ்சியங்களை இடித்தார்கள். பாதை போனபின் அவ்வூர்களிலே பல தேய்ந்து போயின. பள்ளியிலே பிள்ளை இல்லை. மண்டபத்திலே விளக்கு இல்லை.

இதை ஏன் சொல்கிறேன்? எமக்கும் புகையிரதம் நின்றது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே யுத்தத்தினால் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையம் பாழாயிற்று. 24 ஆண்டுகளுக்கு மேல் புகையிரதம் வரவில்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் தேதிதான் காங்கேசன்துறைவரை மீண்டும் வந்தது. அதற்கிடையிலே, 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு, வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்த மழை இரவை என்னைப் போன்றவர்கள் விவரிக்க வேண்டியதில்லை. இங்கிருக்கிற தாய்மாரின் கண்களிலே தெரிகிறது. 1996ஆம் ஆண்டு சித்திரைக்குப் பின் சனம் திரும்பி வந்தது. வந்து என்ன செய்தது தெரியுமா? வீட்டைக் கூட்டுமுன் கிணற்றை இறைத்தது! கிணறு இறைத்து, தோட்டம் கொத்தி, மூன்றாம் மாதம் கடகத்தோடு சந்தைக்கு வந்தது. கனடாவிலே புகையிரதம் செய்த ஊர் புகையிரதத்தோடு தேய்ந்தது. சுன்னாகத்தைக் கிணறும் சந்தையும் செய்தன. ஆதலால் புகையிரதம் போயும், சனமே ஒருமுறை போயும், ஊர் திரும்பிற்று.

இதுவரை பெருமை பேசினேன். இனிச் சிறுமையும் பேசவேண்டும். பெருமை மட்டும் பேசுகிறவன் ஊருக்கு நண்பனல்லன்.

எட்டுப் பங்குக் கிணறு என்றேன் அல்லவா? அந்த எட்டுப் பங்குக்கும் வெளியே நின்றவர்கள் இருந்தார்கள். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும். உச்சி வெயிலிலே எங்கள் தோட்டத்திலே புல்லுப் பிடுங்கிய ஒரு தாய், கையிலே சிரட்டையோடு கிணற்றுக்குத் தூர நின்றாள். யாராவது வந்து அள்ளி வார்க்கும்வரை நிற்கவேண்டும். பட்டை கிணற்றடியிலேதான் கிடந்தது. கிணற்றிலே தண்ணீர் நிறையக் கிடந்தது. நான் பட்டையை எடுக்கப் போனேன், பெரியவர் ஒருவர் அதட்டினார், நான் நின்றுவிட்டேன். நான் நின்றது இன்றும் எனக்கு வெட்கமாயிருக்கிறது. அந்தத் தாயின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லித் தரவில்லை.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது; தேநீர்க் கடையிலே போத்தலும் தனிப்பேணியும் இருந்தன. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் தேதி, தீண்டாமையை எதிர்த்து ஓர் ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. எங்கிருந்து புறப்பட்டது? இந்தச் சுன்னாகத்திலிருந்து! பொலிசார் அடித்தார்கள், ஊர்வலம் நிற்கவில்லை. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. சுன்னாகச் சரித்திரம் எழுதுகிறவர்கள் புலவர்களை எழுதுவார்கள், பத்திரிகையை எழுதுவார்கள், அந்த ஊர்வலத்தை விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். தங்களுக்குக் கிணற்றிலே பங்கில்லை என்று சொன்ன ஊரிலே, "எங்களுக்கும் பங்குண்டு" என்று நடந்தவர்களும் இவ்வூரைச் செய்தவர்களே. இந்து வாலிபர் என்று பெயர் வைத்த சங்கத்திலே இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இப்போது அந்தச் சுண்ணக்கல்லுக்கு வருகிறேன்.

குடாநாட்டின் நிலத்தடியிலே சுண்ணக்கல் பாறை வெடிப்பும் குகையுமாய்க் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அதற்குள்ளே இறங்கித் தங்குகிறது. ஆழத்திலே கடலின் உப்புநீர். அதன்மேலே எண்ணெய் நீரிலே மிதப்பதுபோல நன்னீர் மிதக்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர். அளவு மீறி யந்திரம் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே ஏறும். உன் கிணறு, என் கிணறு என்று வேலி போட்டது மேலே மட்டுந்தான். கீழே எல்லாம் ஒன்று. சரியாகச் சொன்னால், வலிகாமம் முழுவதும் ஒரே பங்குக் கிணறு.

இந்த உண்மையை நாம் ஏட்டிலே படித்து அறியவில்லை; பட்டு அறிந்தோம். 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்தையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த கிணறுகளிலே எண்ணெய் மிதந்தது. அந்நாட்களிலே ஓர் உறவினர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டுக் கிணற்று நீரின் சுவையை எண்ணிக்கொண்டு, "தண்ணீர் ஒரு செம்பு தா, பிள்ளை" என்றேன். அந்தப் பிள்ளை கிணற்றடிக்குப் போகவில்லை. பவுசரிலே கொண்டுவந்து பிளாஸ்ரிக் தாங்கியிலே நிறைத்த தண்ணீரைத் தந்தாள். "கிணற்றுக்கு என்ன?" என்று கேட்டேன். வாளியிலே அள்ளிக் காட்டினாள். நிறநிறமாய்ப் படலம், மணம் மூக்கிலே அடித்தது. நாலு தலைமுறை குடித்த கிணறு! அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் பேசாமல் துலாக்கல்லிலே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சனம் வீதிக்கு வந்தது, உண்ணாவிரதம் இருந்தது, வழக்குப் போயிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே நாட்டின் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த கம்பனி பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று தீர்ப்புச் சொன்னது. நீதி கிடைத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பணம் கிணற்றைக் கழுவாது.

அன்பர்களே, அந்த எண்ணெய் வேலி பார்த்துப் பரவவில்லை; உறுதி பார்த்துப் பரவவில்லை; சாதி பார்த்துப் பரவவில்லை. ஒரு காலத்திலே ஒரு தாயைக் கிணற்றுக்குத் தூர நிறுத்தினோம். பின்னொரு காலத்திலே நாமெல்லோரும் எங்கள் கிணற்றுக்குத் தூர நின்றோம், பவுசருக்குக் குடத்தோடு வரிசையிலே. இதிலிருந்து படிக்காவிட்டால் நாம் எதிலிருந்து படிப்பது?

எண்ணெயை மட்டும் சொல்லித் தப்பவும் கூடாது. அளவின்றிப் போட்ட உரத்தின் நைத்திரேற்று நம் கிணறுகளிலே சேர்ந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். அது கம்பனி செய்ததன்று. நாம் செய்தது. குளங்களைத் தூர்த்து வளவாக்கியதும் நாமே. மழை இறங்க இடமின்றி ஓடிக் கடலுக்குப் போகிறது.

இனி வாலிபர்களே, உங்களிடம் வருகிறேன். நீங்கள் வெளிநாடு போகக்கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிற கிழவர்களின் பிள்ளைகளெல்லாம் வெளியேதான் இருக்கிறார்கள். என் பிள்ளைகள் உட்பட. (சிரிப்பு) பங்கு வைத்திருப்பவர் எங்கேயும் இருக்கலாம். ஆனால் முறைக்கு வரவேண்டும். அல்லது ஆள் அனுப்பவேண்டும். அதுதான் பங்குக் கிணற்றுச் சட்டம்.

உங்கள் சங்கம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன். மூன்றும் சிறியவை. பெரியவற்றைச் சொன்னால் கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஒன்று: ஒவ்வோராண்டும் கோடையிலே ஒரு குளத்தைத் தூர்வாருங்கள். ஒரேயொரு குளம். கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணம் அனுப்புகிற அன்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: "இவ்வாண்டு வர்ணம் பழையதாயிருந்தாலும் சுவாமி கோபிக்கமாட்டார்; தீர்த்தக் குளத்திலே நீர் இல்லாவிட்டால் கோபிப்பார்" என்று. அத்துடன் ஊர்க் கிணறுகளுக்கு ஓர் ஏடு வையுங்கள். எந்தக் கிணறு, எந்த மாதம் எவ்வளவு ஆழத்திலே நீர், நிறம் என்ன, மணம் என்ன, பரிசோதனை என்ன சொன்னது என்று எழுதி வாருங்கள். அடுத்த முறை தீங்கு வந்தால், கண்ணீரோடு போகாமல் ஏட்டோடு போகலாம்.

இரண்டு: ஊரின் ஏட்டுக் கல்வியைப் பேணுங்கள். ஈழகேசரி இதழ்கள் பலவற்றை நூலகம் என்னும் நிறுவனத்தார் இணையத்திலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம். மாதத்துக்கு ஒருநாள் கூடி ஓர் இதழை வாசியுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலே பழைய இதழோ நூலோ இருந்தால் கறையானுக்கு முன் நீங்கள் எடுத்துவிடுங்கள். பிள்ளையார் கதை படிக்கும்போது, "இதைப் பாடியவர் நம் ஊரவர்" என்று சிறுபிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மூன்று: முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எல்லா முதியவர்களிடமும் கேளுங்கள். பங்கு வைத்திருந்தவரிடம் மட்டுமன்று, தூர நின்றவரிடமும் கேளுங்கள். துலா மிதித்தவர், சந்தையிலே சுமை தூக்கியவர், அச்சுக் கோத்தவரின் பிள்ளைகள், ஊர்வலத்திலே நடந்தவர், 1995இலே கைக்குழந்தையோடு நடந்த தாய் ஆகிய எல்லோரும் உங்கள் சரித்திர ஆசிரியர்கள். அவர்களின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். நான் கேட்காமல் விட்ட ஒரு பெயர் என்னை எழுபது வருடமாய் உறுத்துகிறது. உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம்.

தம்பி, முன்வரிசையிலே இருக்கிற தம்பி, "சுன்னாகத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டீர். ஒரு சந்தை இருக்கிறது. ஒரு சந்தி இருக்கிறது. அவற்றின் கீழே எல்லோருக்கும் பொதுவான ஒரு கிணறு இருக்கிறது. அதிலே உமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கிழவர் கேட்ட கேள்வியையே நானும் கேட்டு முடிக்கிறேன்: உமது பங்கு இருக்கிறது, உமது முறை எப்போது?